ரன்னிங் இன்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. துப்பாக்கி என்றதும் விஜய் படம் ஞாபகம் வந்து உள்ளே நுழைந்தவர்கள் இப்போதே எஸ்கேப் ஆகிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம் ஹூஸ்டனிலிருந்து மச்சினன் போன். அங்கே நடுராத்திரி தாண்டியிருக்கும். தூக்கம் வராவிட்டால் அவனுக்கு அக்கா வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

"அத்தான், அந்த லைசென்ஸ் என்னாச்சு?"

"எந்த லைசென்ஸ் மாப்ளே?"

"விளையாடாதீங்க. ஃபார்ம் எல்லாம் ஃபில்லப் பண்ணி வச்சிருக்கீங்கன்னு அக்கா சொன்னா."

தங்கமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் தெரியாதது போல உள்ளே போய்விட்டாள். "வேண்டாம்னு விட்டுட்டேன்" என்றேன். ஏன் என்று கேட்டான். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதி இங்கே. அவனை மாதிரி வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற நம் ஆட்கள் பலர் வீட்டில் ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வைத்திருக்கிறார்கள், அல்லது வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் கொசுவத்தியைச் சுற்றிவிடுகிறேன். விருதுநகர் பக்கம் பி.காம். முடித்து, வங்கிப் பரீட்சை எழுதி, ஊர் ஊராக மாற்றலாகி, பதினோரு வருஷமாகப் புனேயில். வீடு ஏரவாடாவில். சொந்தக்காரர்களிடம் "ஏரவாடாவில் இருக்கேன்" என்றால் "எத்தனை வருஷம் போட்டாங்க?" என்று கேட்டுச் சிரிக்காத ஆள் கிடையாது. ஜெயில் அவ்வளவு பிரபலம். 1932இல் காந்தி சாகும்வரை உண்ணாவிரதம் இருந்த அதே ஜெயில். அந்தச் சுவரிலிருந்து நடக்கிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு பிஸ்டலைப் பற்றிப் பதிவு எழுதுகிறேன். என்ன செய்ய.

மூணு வருஷம் முன்னால் என்னை வாராக்கடன் பிரிவில் போட்டார்கள். 2002ஆம் வருஷத்து சர்ஃபாசி சட்டப்படி நோட்டீஸ் கொடுப்பது, அறுபது நாள் காத்திருப்பது, அப்புறம் சொத்தின் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவது, இதுதான் என் ஆணி. ஒட்டுகிற நோட்டீஸின் கீழே 'அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி' என்று என் கையெழுத்து இருக்கும். ஒரு நாள் ஆபீஸ் லேண்ட்லைனில் ஒரு குரல், என் பெண் எந்த ஸ்டாப்பில் ஸ்கூல் பஸ் ஏறுகிறாள் என்று சரியாகச் சொன்னது. வேறொன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரம் ராத்திரி எட்டரை மணிக்கு பண்ட் கார்டன் பாலத்தில் ஒரு பைக் என் ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே வந்தது. பாலம் தாண்டி, குஞ்சன் சௌக் தாண்டி, எங்கள் அபார்ட்மெண்ட் கேட் வரைக்கும். திரும்பிப் பார்த்தேன். இருவர். ஹெல்மெட். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

போலீசில் புகார் கொடுத்தேன். மேலிடத்துக்கு எழுதினேன். வீட்டில் எல்லோரும் மாறி மாறிச் சொன்னது ஒன்றுதான்: "ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி வச்சுக்கோ." பேங்க் மேனேஜருக்குத் தராமல் யாருக்குத் தருவார்கள் என்று என் மாமனார் வேறு. ஃபார்மை நிரப்பினேன். உண்மையைச் சொல்கிறேன், நிரப்பும்போது தைரியமாகவே இருந்தது. அந்த தைரியம்தான் இந்தப் பதிவில் எனக்குப் பிரச்சினை.

நடுவில், 2023 கோடை விடுமுறையில், மச்சினன் மகள் அரங்கேற்றத்துக்காகக் குடும்பத்தோடு ஹூஸ்டன் போனோம். டெக்சஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ளவர்கள் லைசென்ஸ் இல்லாமலே இடுப்பில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம். மச்சினன் அப்போதுதான் ஒரு சின்ன 9 எம்.எம். பிஸ்டல் வாங்கியிருந்தான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். "ஆபீஸ் பார்ட்டிக்குப் போட்டுக்கிற ஷூ மாதிரி இருக்கே" என்றேன். "ஷூவேதான் அத்தான், முதல்ல கடிக்கும். நாளைக்கு பிரேக்-இன் பண்ணப் போறேன், வாங்க" என்றான்.

நம் ஊரில் எண்பதுகளில் புது ஸ்கூட்டர், புது அம்பாசிடர் பின்னால் 'ரன்னிங் இன்' என்று எழுதி ஒட்டியிருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? முதல் சில நூறு கிலோமீட்டர் முறுக்காமல் ஓட்டு, பிஸ்டனும் சிலிண்டரும் ஒன்றோடொன்று பழகட்டும் என்பது. இதுவும் அதே கதைதான்.

சுடும் கூடத்துக்குப் போனோம். நான் தொடவில்லை. விசிட்டர் விசாவில் வந்தவன் துப்பாக்கியைக் கையில் எடுக்கக்கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டம். வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள் உண்டு, எனக்கு அது எதுவும் கிடையாது. (அங்கே விருந்தாளியாகப் போகிற அப்பா அம்மாக்களை 'ஒரு ரவுண்டு சுட்டுப் பாருங்கப்பா' என்று கூட்டிப் போகிற பிள்ளைகள் இதைக் கவனிக்கவும்.) காது மூடி, கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்தேன். கையில் வங்கி டைரி. வேலை என்ன? கணக்கு எழுதுவது. வேறென்ன தெரியும் நமக்கு.

வீட்டிலேயே அவன் பிஸ்டலைக் கழற்றி, தொழிற்சாலையில் தடவின கெட்டிப் பசையைத் துடைத்து, சொட்டு எண்ணெய் விட்டிருந்தான். மேகசின் மூன்று. இரண்டு பிஸ்டலோடு வந்தவை. ஒன்று மலிவாகக் கிடைத்ததென்று வேறு கம்பெனியுடையது. மூன்றிலும் மார்க்கர் பேனாவால் 1, 2, 3 என்று எழுதினான். அந்தச் சின்னக் காரியத்தின் அருமை ஒரு மணி நேரத்தில் எனக்குப் புரிந்தது.

என் டைரிப்படி: முதல் 50 தோட்டாவில் மூன்று தடங்கல். இரண்டு தடவை மேல் பாகம் (ஸ்லைடு என்கிறார்கள்) முழுசாக மூடவில்லை. ஒரு தடவை காலிக் கூடு வெளியே விழாமல், புகைபோக்கி மாதிரி நட்டுக்கொண்டு நின்றது. இரண்டாவது 50இல் இரண்டு. மூன்றாவது 50இல் ஒன்று. நான்காவதில் பூஜ்யம். மொத்தம் ஆறு. அந்த ஆறில் ஐந்து, மூன்றாம் நம்பர் மேகசினில்! எண் எழுதியிராவிட்டால் பிஸ்டல் மேல்தான் பழி விழுந்திருக்கும். அந்த மேகசின் அங்கேயே குப்பைக்கூடைக்குப் போயிற்று.

அதுவரை சுட்டது பயிற்சித் தோட்டா. ஈயத்தைச் செம்பு உறை முழுசாக மூடி, முனை உருண்டையாக இருக்கும். விலை குறைவு. உருண்டை முனை என்பதால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடும்போது அங்கே பலரும் போடுவது முனையில் குழிவைத்த தோட்டா. உடம்பில் பட்டதும் விரியும், அதனால் ஆளைத் துளைத்துக்கொண்டு பின்னால் நிற்கிற அப்பாவி மேல் பாயும் வாய்ப்புக் குறைவு. ஆனால் தட்டையான அந்தக் குழிமுனை, தோட்டா ஏறுகிற சரிவில் முட்டிக்கொள்ளலாம். முதல் பிராண்டில் 25 சுட்டான். இரண்டு முட்டி நின்றன. டப்பாவில் 'பிரீமியம்' என்று தங்க எழுத்து வேறு. இன்னொரு பிராண்டு வாங்கி 50 சுட்டான். ஒன்றுகூட நிற்கவில்லை. "இதுதான் என் தோட்டா" என்றான். எந்த பிராண்டு என்று எழுதமாட்டேன். அவன் பிஸ்டலுக்குச் சரிப்பட்டது உங்களுடையதற்குச் சரிப்படும் என்று ஒரு உத்தரவாதமும் இல்லை. விஷயமே அதுதான்.

சின்ன பிஸ்டல் ஏன் இவ்வளவு படுத்துகிறது என்று அங்கிருந்த பயிற்சியாளரிடம் கேட்டேன். ஸ்லைடு குட்டை, எடை குறைவு, அதனால் அதை அடக்க ஸ்பிரிங்கைக் கடினமாக வைக்கிறார்கள். ஸ்லைடு பின்னால் போய் முன்னால் வருகிற தூரமும் நேரமும் குறைவு. அதற்குள் காலிக் கூடு வெளியேறி, அடுத்த தோட்டா மேலே எழும்பி, குழலுக்குள் நுழைய வேண்டும். பெரிய பிஸ்டல் மன்னிக்கிற தப்பைச் சின்னது மன்னிக்காது. மணிக்கட்டைத் தளர விட்டால்கூட நின்றுவிடும், பின்னால் போக வேண்டிய விசையைக் கை விழுங்கிவிடுகிறது. ஆக, ரன்னிங் இன் என்பது இரும்புக்கு மட்டும் இல்லை. அன்றைக்குப் பழகினது பாதி பிஸ்டல் என்றால், பாதி மச்சினனின் மணிக்கட்டு.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த இடத்தில் இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன், விட்டால் மறந்துவிடுவேன். தினம் காலையில் தோட்டா ஏற்றி ராத்திரி இறக்குகிறவர்கள், அதே முதல் தோட்டாவையே திரும்பத் திரும்ப ஏற்றாதீர்கள். ஒவ்வொரு தடவையும் சரிவில் இடித்து, குண்டு கூட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கும். உள்ளே இடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் எகிறும். புதுத் தோட்டா ஒன்றின் பக்கத்தில் வைத்து உயரம் பாருங்கள், குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். இரண்டாவது, சுடும் கூடத்துக்குக் கொண்டுபோகிற பையை விமானப் பயணத்துக்குத் தொடவே தொடாதீர்கள். பையின் மூலையில் கிடந்த ஒற்றைத் தோட்டாவோடு இந்திய விமான நிலையத்தில் மாட்டி, ஆயுதச் சட்டத்தில் வழக்காகி, தெரிந்தே வைத்திருக்கவில்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய் ரத்து வாங்கியவர்கள் பலர். ரத்து ஆகிவிடுகிறது, சரி. அதற்குள் தங்கச்சி கல்யாணம் முடிந்திருக்கும்.

அந்த டைரியோடு புனே திரும்பினேன். ஃபார்ம் மேஜை டிராயரில் இருந்தது. எடுத்து வைத்துக்கொண்டு, கடன் விண்ணப்பத்தை அலசுகிற மாதிரி அலசினேன்.

நம் நாட்டில் 9 எம்.எம். தனியாருக்குக் கிடையாது, தடைசெய்யப்பட்ட போர். கிடைப்பதில் பிரதானம் .32. அதிலும் இரண்டு வகை. ரிவால்வருக்கான .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங், 1896இல் பிறந்தது. பிஸ்டலுக்கான .32, அதாவது 7.65 எம்.எம்., ஜான் பிரௌனிங் 1899 வாக்கில் பெல்ஜியத்து எஃப்.என். கம்பெனிக்காகச் செய்தது. பெயரில் ஒற்றுமை, ஒன்றில் போடுவதை மற்றதில் போடக்கூடாது. (பெல்ஜியம், பிரௌனிங் என்றதும் நமக்கு மணியாச்சி ஞாபகம் வராமல் இருக்குமா? 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல்தான். அதற்கு முன் புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகிவிட்டுத்தான் போனார் என்பது சரித்திரம். 1911லேயே ரன்னிங் இன் இருந்திருக்கிறது.)

வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி எண்பதுகளின் நடுவிலேயே தனியாருக்கு ஏறக்குறைய நின்றுவிட்டது. அதனால்தான் தாத்தா காலத்து வால்தர் பிஸ்டலுக்கு இன்றும் லட்சக்கணக்கில் விலை சொல்கிறார்கள். மற்றபடி ரொம்ப நாளாக அரசுத் தொழிற்சாலைச் சரக்குதான். 2014 ஜனவரியில் கான்பூரில் 'நிர்பீக்' என்று பெண்களுக்காக ஒரு .32 ரிவால்வரை வெளியிட்டார்கள், எடை 500 கிராம், அப்போதைய விலை 1,22,360 ரூபாய். டெல்லி நிர்பயா சம்பவத்துக்குப் பிறகு வைத்த பெயர். அந்த விலையில் ரிவால்வர் வாங்க முடிகிற பெண் ராத்திரி பஸ்ஸுக்கு ஏன் நிற்கப் போகிறாள் என்று அப்போதே தங்கமணி கேட்டாள். அது வேறு பதிவு.

தோட்டாவுக்கு வருவோம். அது எங்கே செய்கிறார்கள் தெரியுமா? எங்கள் வீட்டிலிருந்து முளா நதியைத் தாண்டினால் கட்கி. அங்கே 1869இல் வெள்ளைக்காரன் ஆரம்பித்த தோட்டாத் தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. கூட்டின் அடியில் 'கே.எஃப்.' என்று இருந்தால் கிர்க்கீ ஃபேக்டரி. கட்கியை வெள்ளைக்காரன் அப்படித்தான் உச்சரித்தான். 2021 அக்டோபர் 1 அன்று பழைய ஆர்டனன்ஸ் ஃபேக்டரி போர்டைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது இது மியூனிஷன்ஸ் இந்தியா கம்பெனியின் கீழ் வந்தது, அதன் தலைமையகமும் புனேயிலேயே. (நம் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை வேறொரு கம்பெனிக்குப் போயிற்று.) ராணுவத்தோடு வந்து கட்கியிலும் காம்ப்பிலும் தங்கிவிட்ட பழைய தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பெயர்களெல்லாம் தண்ணீர்பட்ட பாடு.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் தோட்டா தயாராகிறது, இந்தப் பக்கம் நான் இருக்கிறேன். ஆனால் லைசென்ஸ் வாங்கினாலும் மச்சினன் ஒரே சனிக்கிழமையில் சுட்ட அளவுக்கு என்னால் சுட முடியுமா?

கணக்கைப் பாருங்கள். அவன் சுட்டது 200, குழிமுனை 75, ஆக 275. இங்கே ஒரு சமயத்தில் எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எத்தனை வாங்கலாம் என்று லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் பதிந்து தருவார். ஒரு சமயத்துக்கு 50 என்று எழுதியிருந்தால், பழக்கி முடிக்கவே ஆறு தடவை கடைக்குப் போகவேண்டும், வருஷ அளவு இடம் கொடுத்தால். சுட இடம்? பாலேவாடியில் அருமையான சுடும் கூடம் இருக்கிறது, அது விளையாட்டு வீரர்களுக்கு. தற்காப்பு என்று லைசென்ஸ் வாங்கின பேங்க்காரன் சனிக்கிழமை டிபன் முடித்துவிட்டுப் போய் நாலு மேகசின் சுட்டுவிட்டு வருகிற மாதிரி இடம் இங்கே சுலபத்தில் கிடையாது. 2016 விதிகளில் பயிற்சிச் சான்றிதழ் கட்டாயம் என்று வந்தது நல்ல காரியம். ஆனால் அது டிரைவிங் ஸ்கூல் மாதிரி, ஓட்டத் தெரியும் என்கிறது. உங்கள் வண்டி மலையேறுமா என்று சொல்லாது.

"கம்பெனியில் டெஸ்ட் பண்ணித்தானே விக்கிறாங்க?" என்று கேட்பீர்கள். புரூஃப் டெஸ்ட் உண்டு. அதிக அழுத்தத் தோட்டாவைச் சுட்டு, குழல் வெடிக்கவில்லை என்று முத்திரை குத்துவார்கள். துப்பாக்கி உங்களைக் கொல்லாது என்பதற்கு அத்தாட்சி அது. தேவைப்படும்போது, உங்கள் கையில், நீங்கள் வாங்கின தோட்டாவோடு, அடுத்தடுத்து வேலை செய்யும் என்பதற்கு அத்தாட்சி நீங்களே சுட்டுப் பார்ப்பதுதான். அதிலும் .32 பிஸ்டல் தோட்டாவுக்கு ஒரு கோணல் புத்தி உண்டு. அதன் அடிவிளிம்பு கூட்டைவிடக் கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்கும். மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் இரண்டும் பூட்டிக்கொள்ளும். பாதிக் காரியத்தில் பூட்டிக்கொண்டால் சுலபத்தில் விடுபடாது.

இதெல்லாம் ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கிற விஷயம் என்று நினைத்தால், பயிற்சிக்குத் தோட்டா இல்லாமல் போவது தனியார் பிரச்சினை மட்டும் இல்லை என்பதையும் பாருங்கள். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு ஆர்.டி. பிரதான் கமிட்டி விசாரித்ததே, தோட்டாப் பற்றாக்குறையால் மும்பை போலீசின் அதிரடிக் குழுக்களுக்கே ஒரு வருஷத்துக்கு மேலாகச் சுடும் பயிற்சி நடக்கவில்லை என்று அந்த அறிக்கை சொல்லிற்று. அமெரிக்காவில் 1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் எஃப்.பி.ஐ.க்காரர்கள் இரண்டு பேர் செத்தார்கள். குற்றவாளிக்கு ஆரம்பத்திலேயே குண்டு பட்டிருந்தது, இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோயிற்று. அவன் அதற்கப்புறமும் சுட்டுக்கொண்டே இருந்தான். அதன் பிறகுதான் ஜெலட்டின் கட்டியில் சுட்டு, குறைந்தது 12 அங்குலம், அதிகபட்சம் 18 அங்குலம் போகவேண்டும் என்று தோட்டாவுக்குப் பரீட்சையே வைத்தார்கள். அவர்கள் பிணங்களை எண்ணிக் கற்றுக்கொண்டதை நாம் டப்பா விளம்பரத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறோம்.

இவ்வளவு யோசித்த பிறகும் நான் ஃபார்மைக் கிழிக்கவில்லை. 'எதுவும் இல்லாததற்கு ஏதோ ஒன்று' என்று ஒரு வாதம் மனதில் மீதி இருந்தது. அதை முடித்து வைத்தது எங்கள் கிளைக் காவலர்.

அவர் சாத்தாரா பக்கத்து முன்னாள் ராணுவத்தார். நான் காகா என்பேன், அவர் சாஹேப் என்பார். வங்கியின் இரட்டைக் குழல் பன்னிரண்டு போர் துப்பாக்கியோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். தசராவுக்கு முந்தின நாள் இங்கே கண்டே நவமி, நம் ஆயுத பூஜைதான். அந்தத் துப்பாக்கிக்குச் சாமந்தி மாலை போட்டு, பேடா கொடுப்பார். அதைப் பார்த்தாலே கிளைக்கு ஒரு தெம்பு.

போன டிசம்பரில் வருஷாந்தரச் சுடும் பயிற்சி. ஊருக்கு வெளியே ஒரு மைதானம். எங்கள் பிராந்தியத்தின் ஆறு காவலர்கள், ஆளுக்கு ஐந்து தோட்டா. கூட ஒரு அதிகாரி போகவேண்டும் என்று என்னை அனுப்பினார்கள். காகா முறை வந்தது. முதல் இரண்டும் வெடித்தன. மூன்றாவது, 'டிக்'. அவ்வளவுதான்.

நான் எட்டிப் பார்க்க ஓரடி வைத்தேன். "அங்கேயே நில்லுங்க சாஹேப்!" என்று அதட்டினார். பத்து வருஷத்தில் அவர் என்னை அதட்டினது அந்த ஒரு தடவைதான். குழலை எதிர்மேட்டைப் பார்த்தே பிடித்துக்கொண்டு, வாய்விட்டு முப்பது வரை எண்ணினார். சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றும். அவசரப்பட்டுத் திறந்தால் முகத்தில் வெடிக்கும். எண்ணி முடித்துத் திறந்து, தோட்டாவைத் தனியே வைத்தார். நான்காவது வெடித்தது. ஐந்தாவது, மறுபடி 'டிக்'. மறுபடி முப்பது.

தோட்டா மேல் தப்பு இல்லை. எட்டு வருஷமாக அதே தோட்டாக்கள் அவர் தோல் பெல்ட்டிலேயே இருந்திருக்கின்றன. எட்டு மழைக்காலம். தோல் பதனிடுகிற சரக்கு பித்தளைக்கு ஆகாது, அடிப்பாகம் முழுக்கப் பச்சையாகக் களிம்பு. காகா இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதம் எங்கள் கிளையிலேயே எங்கோ கிடந்திருக்கிறது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன் என்றால் கிளையில் ஆயுதப் பதிவேடு என்று ஒன்று உண்டு. மாதாமாதம் துப்பாக்கி ஒன்று, தோட்டா இத்தனை, 'எண்ணிச் சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்து. முந்தைய பதினான்கு மாசமும் அந்தக் கையெழுத்து என்னுடையது. நான் எண்ணினது நிஜம். எண்ணிக்கையும் சரி. வெடிக்குமா என்று பார்க்க எந்தப் பத்தியும் இல்லை, எனக்கும் தோன்றவில்லை. அந்தத் துப்பாக்கியை நம்பித்தான் கவுண்டரில் இரண்டு பெண்பிள்ளைகள் பணம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். காகா அதை நம்பி வாசலில் உட்கார்ந்திருந்தார். இல்லை, அவர் நம்பவில்லை, அவருக்குத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் டிராயரைத் திறந்து ஃபார்மைக் கிழித்தேன்.

என் கட்சி இதுதான். வாங்குகிறவர்கள் வாங்குங்கள், அது உங்கள் நாட்டுச் சட்டம், உங்கள் ஆபத்து. ஆனால் பிஸ்டலின் விலையோடு முந்நூறு தோட்டாவின் விலையையும், நாலு சனிக்கிழமையையும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். அதற்குப் பணமோ, நேரமோ, இடமோ இல்லையென்றால் அதை இடுப்பில் வைக்காதீர்கள். பழக்காத துப்பாக்கி செய்கிற ஒரே வேலை உங்களுக்குத் தைரியம் கொடுப்பது. தைரியம் வந்தவன் பாலத்தில் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பான். நான் அன்றைக்கு நிறுத்தவில்லை. கையில் ஒன்று இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும்.

இந்தியாவில், நிஜமாகவே உயிர் ஆபத்து இருந்து, லைசென்ஸும் கிடைத்து, வாங்கியே தீரவேண்டும் என்கிறவர்களுக்கு என் சொந்த அபிப்பிராயம்: பிஸ்டலைவிட ரிவால்வர். அடக்கம் குறைவு, தோட்டா குறைவு, பார்க்க ஸ்டைல் இல்லை. ஆனால் ஒரு தோட்டா 'டிக்' என்றால் விசையை இன்னொரு தடவை இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். மேகசின் கிடையாது, சரிவு கிடையாது, மணிக்கட்டு தளர்ந்தாலும் கவலை இல்லை. நிறையச் சுட்டுப் பழக வழியில்லாத நாட்டுக்கு அதுதான் பொருத்தம். அதற்கும் உங்களுக்கு அனுமதித்த தோட்டாவில் பாதியையாவது சுட்டுப் பாருங்கள். பூஜையில் வைத்துப் பத்து வருஷம் பொத்திக் காக்காதீர்கள். ஒரு எச்சரிக்கை: சத்தம் 'டப்' என்று சோடையாக வந்தால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளக்கும்.

மச்சினன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ நீங்க என்னதான் பண்றீங்க அத்தான்?" என்றான். நியாயமான கேள்வி. பெண்ணின் பஸ் ஸ்டாப்பை மாற்றினோம். நான் ஒரே நேரத்தில், ஒரே வழியில் வீட்டுக்குப் போவதில்லை. ஒரு நாள் பண்ட் கார்டன் பாலம், ஒரு நாள் கட்கி வழியாகச் சுற்றி ஹோல்கர் பாலம். வாராக்கடன் பிரிவிலிருந்து என்னை மாற்றிவிட்டார்கள், அந்த நாற்காலியில் இப்போது என்னைவிட இளையவர் ஒருவர் இருக்கிறார். அந்தக் குரல் மறுபடி வரவில்லை. பயம் போய்விட்டதா என்றால், இல்லை. கேட் பக்கம் பைக் மெதுவானால் தங்கமணி இன்னும் பால்கனிக்கு வந்துவிடுகிறாள்.

கிளைக்குப் புதுத் தோட்டா கேட்டு எழுதினேன். வந்ததும் பெட்டியிலிருந்து நாலைந்தைச் சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் மீதியைப் பதிவேட்டில் ஏற்றுவேன் என்று அதில் ஒரு வரி சேர்த்தேன். இருக்கிறதை வீணாக்குவது ஏன் என்று மேலிருந்து ஒரு கேள்வி வந்தது. பதில் அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. பச்சைக் களிம்பு பிடித்ததையெல்லாம் காகா தனி டப்பாவில் போட்டு ஒட்டிவிட்டார். பெல்ட்டில் இப்போது எட்டுதான் இருக்கிறது. தினம் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது கேட்கிறார்.

"ஆலி கா, சாஹேப்?"

வந்ததா என்று அர்த்தம். இன்னும் வரவில்லை.